இரவல் புத்தகம், சொந்த அபிப்பிராயம்

மழை வேண்டி மகாபாரதத்தின் விராட பருவத்தைப் படிப்பது தமிழ்நாட்டின் வானம் பார்த்த ஊர்களில் வெகுகாலமாக இருந்துவந்த வழக்கம். கோயில் மண்டபத்தில் ஒருவர் வில்லிபாரதத்தை ராகம் போட்டுப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் பொருள் சொல்வார். பாண்டவர்கள் தலைமறைவாக வாழும் பருவம் அது. தருமர் இருக்கும் நாட்டில் மழை தவறாது, அதை வைத்தே அவர் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளலாம் என்று பீஷ்மர் துரியோதனனுக்கு அடையாளம் சொல்வது அதில்தான் வருகிறது. படித்துப் படித்துத் தருமரை ஊருக்குள் வரவழைத்துவிட்டால் மழையும் பின்னாலேயே வந்தாக வேண்டும் என்பது ஊர்க் கணக்கு.

குண்டாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கும் திருச்சுழியிலும், கண்மாயை நம்பிக் கம்பும் மிளகாயும் பருத்தியும் போட்ட அருப்புக்கோட்டைச் சுற்றுக் கிராமங்களிலும் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை வந்ததோ இல்லையோ, பேச்சு வந்துவிடும். அரச சபையில் கீசகன் திரௌபதியை உதைத்தபோது தருமர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாரே, அது தருமமா? "இத்தனை வருசம் பொறுத்தவரு இன்னுங் கொஞ்ச நாள் பொறுக்கணும்ல" என்று ஒரு கட்சி. "உம்ம வீட்டுப் பொம்பளையா இருந்தாப் பொறுப்பீரா ஓய்" என்று எதிர்க்கட்சி. எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் இதில் பேசலாம். கதையைக் கேட்டிருந்தால் போதும். படித்த புத்தகத்தைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசுவது இந்தச் சீமையில் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

சந்தையில் விற்ற பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் அடுத்த படி. அதில் 'நல்லதங்காள்' இந்தப் பக்கத்துக்கே உரிய கதை. மானாமதுரையில் வாக்கப்பட்டவள், பஞ்சத்துக்கு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் ஊரான அர்ச்சுனாபுரத்துக்கு நடக்கிறாள். அர்ச்சுனாபுரம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மானாமதுரையிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பொட்டலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். தங்கள் காட்டு வழியே நடந்து போனவளைப் பற்றிய கதையில் யாரும் 'நடை நன்றாக இருக்கிறது' என்று அபிப்பிராயம் சொல்ல மாட்டார்கள். கதவை அடைத்த மதினி மூளி அலங்காரியைத் திட்டினார்கள். அவள் பிறந்ததும் பஞ்ச காலத்து வீட்டில்தானே என்று யாராவது இழுத்தால் அன்றைக்குத் தூக்கம் கெட்டது. வாசகர் கருத்து என்பது அப்போது தீர்ப்பாகவே இருந்தது.

தனியாக உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு. அவர்களில் உலகறிந்தவர் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி. பதினாறு வயதில் மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்தபோது, அந்த வீட்டுக்கு இரவலாக வந்த பெரியபுராணம் அவர் கைக்குக் கிடைத்தது. அறுபத்து மூவர் கதையைப் படித்தவர் அந்த வயதிலேயே வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். ரமண மகரிஷி என்றால் மௌனம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே அவருக்குப் பணிவிடை செய்த பழனிசாமி மலையாளி. இரவல் வாங்கிவரும் தமிழ் நூல்களைத் தட்டுத் தடுமாறிப் படிப்பார். அந்தச் சிரமத்தைப் பார்த்த இளைஞர், நூலைத் தானே வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் அவரிடம் வேதாந்தம் கேட்க வந்த கூட்டத்துக்கெல்லாம் முன்னோடி, புத்தகம் புரியாத அந்த ஒற்றை ஆள்.

கவனித்தால், இந்த எல்லாக் கதையிலும் புத்தகம் ஒன்றுதான். ஆள்தான் பல பேர். இந்த வறண்ட சீமையின் வாசிப்பு வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கணக்கு போதும் என்று நினைக்கிறேன்.

தறி ஓசையும் தினத்தந்தியும்

1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி', டீக்கடையையும் சலூனையும் படிப்பகம் ஆக்கியது. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே கருத்துச் சொல்லும் பழைய மண்டபப் பழக்கம் பெஞ்சுக்கு இடம் மாறியது. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் பல்லாண்டு வற்புறுத்தியும், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் முனைந்தும் நிறைவேறிய சட்டம். இந்தியாவில் இந்த வகையில் முன்னோடி. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகி, அந்தப் பணத்தில் கிளை நூலகங்கள் வந்தன. கூரை வீட்டுக்காரரும் கதர்ச்சட்டைக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கலாம் என்பது சாதி பார்த்து டம்ளர் வைத்த ஊர்களில் சின்ன விஷயம் இல்லை.

அருப்புக்கோட்டை நெசவூர். தேவாங்கரும் சாலியரும் குழித்தறியில் சேலை நெய்த வீடுகளில், வேலை செய்துகொண்டே பேச முடிந்தது. கைத்தறியின் சத்தம் பேச்சோடு சமாதானமாகப் போகும் சத்தம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை ஒருவர் படித்துக் காட்ட, பாவு ஓட்டுகிறவரும் தார் சுற்றுகிறவரும் கேட்கலாம். 'இவ இப்படிப் பேசுறது சரியில்லை' என்று இடைமறிக்கலாம். கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் இதையே ஒரு வேலையாக வைத்திருந்தார்கள். உயர்ந்த மேடையில் உட்கார்ந்து ஒருவர் நாவல் படிப்பார். தொழிலாளிகளே காசு போட்டு அவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். 'மாண்டி கிறிஸ்டோ' சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அலெக்சாந்தர் டூமாவின் நாவலிலிருந்துதான். பக்கத்துக் கேரளத்தில், கண்ணூர்ப் பீடித் தொழிலாளிகளும் இப்படிப் பத்திரிகை படிக்கக் கேட்டே அரசியல் கற்றார்கள்.

பின்னர் விசைத்தறி வந்தது. கூலி கூடியது, நெய்யும் அளவு கூடியது. கொட்டகைக்குள் பக்கத்து ஆள் கூப்பிட்டாலும் காது கேட்காமல் போனது. தறியோடு இருந்த பேச்சு நின்றதற்குத் தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொல்வது பாதி நியாயம்தான்.

ஒரு பிரதி, பல கை

இந்தப் பக்கத்து வாசிப்பின் வளமான காலம் என்று 1970-லிருந்து 1995 வரையான வருடங்களைச் சொல்லலாம். காரணங்கள் தெளிவானவை. 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி ஊர் ஊராக வந்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை அள்ளிக் கொடுத்தது. கெட்டி அட்டை, நல்ல தாள், அடிமாட்டு விலை. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்', ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா', 'முதல் ஆசிரியர்' எல்லாம் கரிசல்காட்டு வீடுகளின் தகரப் பெட்டிக்குள் குடியேறின. கிர்கீசியப் புல்வெளியில் ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கூடம் கட்டும் கதை, உடை மரத்தைத் தவிர நிழல் இல்லாத ஊரில் படித்தவனுக்கு அந்நியமாகத் தெரியவில்லை. 'நம்ம ஊரு வாத்தியாரு மாதிரியே இருக்காரு' என்பது அவர்களின் முதல் விமர்சன வாக்கியம். இன்னொரு பக்கம் நேஷனல் புக் டிரஸ்ட்டும் சாகித்திய அகாதெமியும் மலிவு விலையில் வங்கத்தையும் உருதுவையும் கொண்டுவந்து சேர்த்தன: 'நீலகண்டப் பறவையைத் தேடி', 'ஆரோக்கிய நிகேதனம்', 'அக்னி நதி'.

மலிவாக இருந்தும் எல்லாரிடமும் எல்லாம் இல்லை. ஒருவரிடம் ஒன்று இருக்கும். அது கைமாறும். கைமாறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு; யாரும் எழுதி வைக்காத நிபந்தனை. திருப்பிக் கொடுக்கும்போது ஏதாவது சொல்ல வேண்டும்.

"என்ன தம்பி, முடிச்சாச்சா?"

"முடிச்சிட்டேன் அண்ணாச்சி. நல்லாருந்துச்சு."

"பஸ் ஸ்டாண்டுக் காப்பியக் கூடத்தான் நல்லாருக்குன்னு சொல்றோம். எந்த எடத்துல நல்லாருந்துச்சு?"

அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்தே ஒழுங்காகப் படித்தவர்கள் ஒரு தலைமுறை. பதில் சரியாக இருந்தால்தான் அலமாரியின் அடுத்த புத்தகம் கிடைக்கும். மல்லாங்கிணரில் 1966-இல் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், தன்னை உலக இலக்கியத்துக்குள் கைப்பிடித்து அழைத்துப் போனவர் என்று இடதுசாரி இயக்கத்தின் எஸ்.ஏ. பெருமாளைத் திரும்பத் திரும்ப நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அப்படி வாங்கிப் படித்ததன் வட்டியைப் பிற்பாடு ஊருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம். 'ஆனந்த விகட'னில் வந்த அவருடைய 'கதாவிலாசம்' தொடர், தமிழ்ச் சிறுகதைகளைப் பற்றி ஒரு வாசகன் தன் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்ன அபிப்பிராயங்கள்தான். வண்ணநிலவனையும் கு. அழகிரிசாமியையும் கேள்விப்பட்டிராத வீடுகளுக்குள் அது அவர்களைக் கொண்டுபோனது. நாதஸ்வரக்காரர்களைப் பற்றிய 'சஞ்சாரம்' நாவலுக்கு 2018-இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது, கரிசல் எழுத்தாளர் என்று பத்திரிகைகள் எழுதின. கரிசல் வாசகர் என்றும் எழுதியிருக்கலாம்.

தெற்கே போனால் கோவில்பட்டி. கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை மாலை நேரத்தில் கவிதைக் கடையாகிவிடும். கோணங்கி, பூமணி, ச. தமிழ்ச்செல்வன், சமயவேல், சோ. தர்மன் என்று அந்த வட்டாரத்து எழுத்தாளர் பட்டியல் நீளம். அவர்கள் எழுதியவை பேசப்பட்ட அளவுக்கு, அவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிப்பட்ட வாசகர்களாக இருந்தார்கள் என்பது பேசப்படவில்லை. பக்கத்து இடைசெவல் கிராமத்தில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இளவயதுக் கூட்டாளிகள். அழகிரிசாமி சென்னைக்குப் போன பிறகும் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் தனி நூலாகவே வந்தன. அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் காலமான பிறகு, சாகித்திய அகாதெமி விருது கிடைத்த தொகுப்பின் பெயர் 'அன்பளிப்பு'. அந்தத் தலைப்புக் கதை புத்தகத்துக்கு ஏங்கும் குழந்தைகளைப் பற்றியது. மற்றவர்களுக்குக் கிடைத்துத் தனக்குக் கிடைக்காமல் போன ஒரு சிறுவனின் ஏக்கத்தை, புத்தகம் அரிதாக இருந்த சீமையிலிருந்து போனவர் அவ்வளவு துல்லியமாக எழுதியதில் ஆச்சரியம் இல்லை.

நேரில் பார்க்க முடியாதவர்களுக்கு 15 பைசா கார்டு இருந்தது. திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க. சிவசங்கரன், புதிதாக எழுதும் எந்தப் பையனுக்கும் கார்டு போடுவார். வல்லிக்கண்ணனும் அப்படித்தான். கார்டில் இடம் கொஞ்சம். அதனால் கதையில் எது பிடித்தது, எது இடறியது என்று நேரே விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். அந்தக் கார்டை மேலாண்மறைநாட்டிலோ நரிக்குடியிலோ ஒருவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் அலைவான். மேலாண்மறைநாட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 'மின்சாரப் பூ'வுக்காக 2007-இல் சாகித்திய அகாதெமி பெற்றார். பள்ளிக்கூடம் கொடுக்காததை இரவல் புத்தகமும் கடைவாசல் பேச்சும் கொடுத்தன. 1975-இல் மதுரையில் உருவான தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் நடத்திய விடிய விடியக் கலை இலக்கிய இரவுகள் அந்தப் பேச்சைத் தெருவுக்கே கொண்டுவந்தன.

நாற்காலி இல்லாதவர்கள்

இத்தோடு நிறுத்திக்கொண்டால் அன்றைய நாள் பொற்காலம் ஆகிவிடும். அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னால் அது பாதி உண்மை.

நகைக்கடை, பலசரக்குக் கடை, டீக்கடை, கட்சி ஆபீஸ், நூலகத் திண்ணை. இந்த இடங்களில் எந்த மாலையிலும் ஒரு பெண் வந்து உட்கார்ந்து 'ஜமீலா விரும்பியவனோடு போனது எனக்குச் சரியாகப் படுகிறது' என்று சொல்லியிருக்க முடியுமா? படித்த பெண்கள் இல்லாமல் இல்லை. லக்ஷ்மி, சிவசங்கரி, ரமணிசந்திரன் நாவல்கள் மருதாணிக் கையிலிருந்து மாவுக் கைக்கு, ஒரு தெரு முழுக்கச் சுற்றின. மேலட்டை கிழிந்து, கடைசி அத்தியாயம் காணாமல் போய், 'முடிவு என்னாச்சு மதினி' என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. கிணற்றடியிலும் தீப்பெட்டி ஒட்டுகிற இடத்திலும் அந்தக் கதாநாயகிகளைப் பற்றி நடந்த விவாதம், கடைவாசல் விவாதத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. ஆனால் அதை யாரும் இலக்கியப் பேச்சுக் கணக்கில் சேர்க்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தெருவிளக்கடியில் பெண்களை உட்கார வைத்துக் கதை வாசித்தபோதுதான், கேட்டவர்கள் திருப்பிக் கதை சொல்லவும் கதையின் முடிவை மாற்றச் சொல்லவும் தொடங்கினார்கள். அந்த நாட்களின் அனுபவத்தைத் தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' என்ற நூலாகவே எழுதியிருக்கிறார்.

இன்னொரு குறையும் உண்டு. புத்தகம் யாரிடம் இருந்ததோ அவர் சொல்லே முடிவு. அண்ணாச்சிக்குப் பிடிக்காத எழுத்தாளரைத் தம்பி படிக்கவே மாட்டான். கட்சி சார்ந்த வட்டத்தில் எழுத்தாளர் மௌனியின் பேரை எடுத்தால் முகம் சுளிப்பார்கள். சுத்த இலக்கிய வட்டத்தில் தொழிற்சங்கக் கதையைக் கேலி செய்வார்கள். புத்தகம் இரவல், அபிப்பிராயம் சொந்தம் என்று அந்தத் தலைமுறை பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், அபிப்பிராயத்தையும் சேர்த்தே இரவல் வாங்கியவர்கள் ஏராளம்.

வீட்டு வாசலில் வந்து நிற்கும் புத்தகம்

இன்று என்ன மாறிவிட்டது?

சோவியத் யூனியன் 1991-இல் உடைந்ததோடு மாஸ்கோ புத்தகங்கள் நின்றன. அந்த இடம் வெற்றிடமாகிவிடவில்லை. அன்று வண்டி வந்தால்தான் புத்தகம். இன்று தமிழில் எந்தப் புத்தகமும் செல்போனில் சொன்னால் நாலு நாளில் காரியாபட்டி வீட்டு வாசலில். 2022 நவம்பரில் விருதுநகரில் மாவட்டப் புத்தகத் திருவிழா தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் காசோடு வரிசையில் நின்றார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து 50 கிலோமீட்டர் போனால் மதுரையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2 லட்சம் சதுர அடிக்கு மேல். சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறக்கப்பட்டபோது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசுவும் மல்லாங்கிணர்க்காரர்தான். அவருடைய சகோதரி தமிழச்சி தங்கபாண்டியன் 'வனப்பேச்சி'யில் அந்த ஊரையே கவிதையாக்கியவர். ஒரு சின்னக் கரிசல் ஊருக்கு இது அதிகப்படியான புத்தகச் சம்பந்தம்தான்.

ஆனால் உள்ளூர்க் கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். நாற்காலி நிரம்பியிருக்கிறது. மேசையில் திறந்து கிடப்பதெல்லாம் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டிகள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. மழையும் தறியும் கைவிட்ட வீட்டில் ஒரு குரூப்-4 வேலை என்பது கரையேற்றம். அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதும் புத்தகத்தைப் பற்றித்தான். 'இந்த வருசம் எந்தப் பக்கத்துல கேட்பான்?' 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களிலோ, பூட்டு துருப்பிடித்துக் கிடப்பவை பல.

படித்ததைப் பற்றிய பேச்சு செல்போனுக்குள் போய்விட்டது. வாட்ஸ்அப் வாசகர் குழு இல்லாத ஊர் இல்லை. இதன் பெரிய லாபத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்: நாற்காலி இல்லாதவர்கள் இப்போது பேசுகிறார்கள். பூப்பறித்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, பூமணியின் 'வெக்கை'யைப் பற்றி நாலு நிமிடக் குரல்பதிவு போடுகிற பெண் அன்றைக்குச் சாத்தியமே இல்லை. 2019-இல் 'அசுரன்' படம் வந்த பிறகு, 1982-இல் வெளியான அந்த நாவலைத் தேடிப் படித்த இளைஞர்கள் அதிகம்; 2022-இல் திரைக்கு வந்த 'பொன்னியின் செல்வன்' இன்னும் பெரிய கூட்டத்தைப் புத்தகத்துக்குத் தள்ளியது. எவ்வளவோ பேர் 'படத்துல இல்லாதது புத்தகத்துல இருக்கு' என்று கண்டுகொண்டார்கள். ஒரு வாசகன் பிறப்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

படித்துக் காட்டக் கேட்கும் பழைய பழக்கமும் செத்துப்போகவில்லை, வேறு சட்டை போட்டுக்கொண்டது. திருச்சுழி வேங்கடராமன் போய்ச் சேர்ந்த அதே திருவண்ணாமலையிலிருந்து பவா செல்லதுரை, பிறர் எழுதிய கதைகளைத் தன் வாயால் சொல்கிறார். யூடியூபில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு விசைத்தறி ஓட்டுகிறவர் இருக்கலாம். கைத்தறி வீட்டில் நின்றுபோன கதை ஹெட்போன் வழியாகத் திரும்பிவந்திருக்கிறது. இடைமறித்து 'இவ இப்படிப் பேசுறது சரியில்லை' என்று சொல்வதுதான் திரும்பி வரவில்லை.

நஷ்டம் அங்கேதான் இருக்கிறது. குழுவில் ஒருவர் நாவலைப் பற்றி எழுதுகிறார். கீழே பதினைந்து 'அருமை', நாலு கைதட்டல், இரண்டு பூங்கொத்து. எந்த இடம் அருமை என்று கேட்க ஆளில்லை. கேட்டால் சண்டைக்காரன் என்று பேர் வரும். போதாததற்கு எழுத்தாளரும் அதே குழுவில் இருக்கிறார். முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஊர் நாகரிகம் விடாது. புத்தகம் சொந்தமாகிவிட்டதால் யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியதில்லாததால் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. முடிக்காத புத்தகத்தைப் பற்றிக்கூட முழு மதிப்புரை எழுதிவிடலாம். அட்டைப்படமும், எங்கோ கேட்ட இரண்டு நிமிட வீடியோவும் போதும்.

இது வெறும் சோம்பலோடு நின்றால் பரவாயில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010-இல். நாலு வருடம் சும்மா இருந்த திருச்செங்கோட்டில், 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து வினியோகிக்கப்பட்டன. முழு நாவலைப் படிக்காதவர்களின் கோபத்துக்கு ஊரே கடையடைத்தது. எழுத்தாளர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை அந்த மௌனம் நீடித்தது. புத்தகத்திலிருந்து கழன்றுகொண்ட அபிப்பிராயம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்குத் திருச்செங்கோடு சாட்சி. கரிசல்காட்டிலும் சாதியின் தோல் மெல்லியதுதான். இங்கே அப்படி நடக்காது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

திருப்பிக் கேட்பது

இரண்டு காலத்தின் நல்லதையும் ஒன்றாகச் சேர்க்கிறவர்கள் இல்லாமல் இல்லை. தூத்துக்குடி மில்லர்புரத்தில் சலூன் நடத்தும் பொன். மாரியப்பன், கடைக்குள்ளேயே நூலகம் வைத்து, படிக்கிறவர்களுக்கு முடிவெட்டும் கூலியில் தள்ளுபடி கொடுத்தார்; 2020-இல் பிரதமரின் வானொலி உரை வரைக்கும் அந்தச் செய்தி போனது. அரசுப் பள்ளிகளில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தது. ஒரே புத்தகத்தை வகுப்பில் பத்துப் பிள்ளைகள் படிப்பதால் வாதம் தானாக வருகிறது. 'நரி பொய் சொல்லலடா, அதுக்குப் பசி' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாதாடினால், விராட பருவத்து மண்டபப் பேச்சுக்கும் அதற்கும் வித்தியாசம் வயது மட்டும்தான்.

அஞ்சல் துறை, பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் சத்தமில்லாமல் நிறுத்தியது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்று வேறு வடிவில் மலிவுக் கட்டணம் வந்தது. கார்டு இன்னும் 50 பைசாவுக்குக் கிடைக்கிறது, போடத்தான் ஆளில்லை. எந்த வழியும் முற்றாக அடைபடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஊராட்சி நூலகத்தின் சாவியை மாலை ஆறு மணிக்குத் திறக்கக்கூடிய ஒரு பெண்ணிடம் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குழு மாதம் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, எல்லாரும் முடித்த பிறகு மட்டும் வாயைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தாளரை ஒரு வாரம் மட்டும் குழுவைவிட்டு வெளியே இருக்கச் சொல்லலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டால் அதையும் பேசலாம்.

இதற்கெல்லாம் முன்னால், செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. அலமாரியில் சும்மா நிற்கும் புத்தகத்தை எடுத்துப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுங்கள். வாங்குவது பதினாறு வயசுப் பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது. கொடுத்துவிட்டுத் தானம் செய்த நிம்மதியில் மறந்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் திருப்பிக் கேளுங்கள். அவள் வந்து 'எனக்குப் பிடிக்கலை' என்றால் உட்கார வைத்து, ஏன் என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்கள் கருத்துக்கு நேர் எதிராக இருந்தால், அடுத்த புத்தகத்தை அவள் கையிலேயே தேர்ந்தெடுக்கக் கொடுங்கள்.